உரோமாபுரியில் மகப்பேற்றுத் தெய்வத்தின் கோயில்

உயிரொன்று உடம்பொடு கூடி இந்நிலவுலகிற் புகுங்காலம் ஈருயிர்க்கும் இடர்ப்பாடுடைய காலமாம். பெறுவாளும் பிறக்கும் மகவும் அவ்வமயத்து வாழ்வுக்கும் சாவுக்கும் இடைநிலத்தே நிற்பர். மருத்துவச்சி அருகிருப்பினும், தாயும் தமக்கையும் கைபற்றி நிற்பினும், அவ்வருத்தத்தைப் பங்கிட்டுக் கொள்வார் ஒருவருமிலர். ஆகலின், எந்நாட்டு மகளிராயினும் அப்பொழுது தம்மினும் மேலதாகிய பேராற்றல் ஒன்றனை விளித்து அரற்றுவாராயினர். அங்ஙனம் விளித்த மகளிர்பொருட்டு உரோமாபுரியில் எழுந்த பழங்கோயில் ஒன்றன் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றாம். பிறநாட்டுத் தெய்வத்தின் வரலாறு சைவ வெளியீட்டில் எற்றுக்கு என்பார் உளராயின், அவர்க்கு விடை இக்கட்டுரையின் இறுதிக்கண் போதரும்.

உரோமாபுரி ஏழு குன்றுகளின்மேல் அமைந்த நகரம் என்ப. அவற்றுள் எஸ்குவிலின் என்னும் குன்றினின்றும் கிளைத்த கவடு ஒன்று கிஸ்பியஸ் எனப்படும். அதன்கண் யூனோ லூகினா என்னும் தெய்வத்திற்குரிய காவு ஒன்று தொன்றுதொட்டு இருந்தது. யூனோ என்பாள் உரோமர்தம் தேவர்கோனாகிய யூபித்தரின் மனைவி, மகளிர்க்கெல்லாம் காவற்றெய்வம். ஆடவன் ஒவ்வொருவனுக்கும் அவனுடன் தோன்றிய காவற்றெய்வம் ஒன்று உண்டென நம்பியவாறே, பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு யூனோ உண்டு என்றும் அம்மக்கள் நம்பினர். அவ்யூனோ மகப்பேற்றுக் காலத்து வந்துதவும் நிலையில் லூகினா என்னும் பெயர் பெற்றாள்.

இக்காவினிடத்தே கோயில் எழுந்தது கி. மு. 375-ஆம் ஆண்டில். உரோமாபுரி நிறுவப்பட்ட 379-ஆம் ஆண்டு என்றும், ஆட்சித்தலைவர் எவரும் அமையாது கழிந்த ஆண்டு என்றும் அதனைப் பிளினி என்னும் பேரறிஞர் குறிக்கின்றார். இவர் இயற்கைப் பொருள்களைப் பற்றி முப்பத்தேழு பகுதிகளாகப் பெருநூல் யாத்துக் கி. பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்தவர். லூகினாவின் கோயில் முற்றத்தே நின்ற பழைய மரமொன்றன் அகவையை ஆராயுமிடத்து அவர் கோயிலின் ஆண்டையும் கூறிச் செல்கின்றார். அம்மரத்தை உரோமர் லோட்டஸ் என்பர்; நாம் அறிந்த நீர்த்தாமரை அதுவன்று, நிலத்தில் ஓங்கி வளரும் ஒருவகை மரமாம். கோயிலினும் மரம் மூத்தது என்பது அவர் துணிபு. காவின் பெயரால் தெய்வத்திற்குப் பெயர் வந்ததாகலின், காவும் மரமும் முற்பட்டன, கட்டடம் பிற்பட்டது என்பது அவர் காட்டும் ஏது. அதனினும் மூத்த மற்றொரு மரத்தையும் அவர் சுட்டுகின்றார். வெஸ்தா என்னும் தெய்வத்தின் தீயைக் காத்த கன்னியர் களைந்த கூந்தலை அம்மரத்திற்குக் கொணர்ந்து சார்த்துதல் வழக்கமாதலின், அது கூந்தல்மரம் எனப்பட்டது. மரமே முதலில் வழிபடப்பெற்று, பின்னரே அதன் நிழலிற் கோயில் எழும் முறை நம் தலமரங்களின் வரலாறு அறிந்தார்க்குப் புதுவதன்று.

இனி, லூகினா என்னும் பெயர்க்குப் பொருள் யாதெனின், அந்நாட்டுப் புலவர் இருவகையாகக் கூறினர். லூகுஸ் என்பது அவர் மொழியிற் காவு. லூக்ஸ் என்பது ஒளி. காவில் உறைபவள் என்பது ஒன்று. மகவை ஒளிக்குக் கொணர்பவள் என்பது மற்றொன்று. ஓவிட் என்னும் கவிஞர் இரண்டனையும் ஒருங்கே கூறி, இன்னதே மெய் எனத் துணியாது விடுத்தார். மொழியாராய்ச்சியில் வல்லவராகிய வர்ரோ ஒளி என்னும் பொருளையே சிறப்பாக எடுத்து, திங்களொடும் இயைத்து விளக்கினார். கருவின் வளர்ச்சி திங்களால் எண்ணப்படுதலின் அது பொருத்தமேயாம். கிரேக்கராகிய தியோனீசியஸ் இத்தெய்வத்தைத் தம் மொழியிற் பெயர்த்து எழுதுங்கால், ஒளிகொணரும் ஹீரா என்றே எழுதினார். எனவே, கேட்டார் செவிக்கு அப்பெயர் ஒளி என்னும் பொருளையே பெரிதும் உணர்த்திற்று என்பது பெறப்படும். கருவறை இருள், பிறந்த உலகு ஒளி. இருளினின்றும் ஒளிக்கு உய்ப்பவள் எவளோ அவளே லூகினா என்க.

அத்தியோனீசியஸ் கூறும் செய்தி ஒன்று பெரிதும் கருதத்தக்கது. பண்டு செர்வியஸ் துல்லியஸ் என்னும் அரசன் நகரமாந்தர் தொகையை அறிய விரும்பி ஒரு முறை வகுத்தானாம். மகவு பிறந்தவழிச் சுற்றத்தார் ஒரு காசை லூகினாவின் பண்டாரத்தில் இடுதல் வேண்டும். ஒருவர் இறந்தவழி ஈமச்சடங்கிற்குரிய தெய்வத்தின் பண்டாரத்தில் ஒரு காசு. சிறுவன் ஆடவர்க்குரிய உடையைப் புனைந்தவழி இளமைத் தெய்வத்தின் பண்டாரத்தில் ஒரு காசு. ஆண்டிறுதியில் மூன்று பண்டாரத்துக் காசையும் எண்ணிப் பிறந்தார் இத்துணையர், இறந்தார் இத்துணையர், படைக்கலம் ஏந்துதற்குரியார் இத்துணையர் என அறிந்துகொள்ளுதல் கருத்து. பீசோ என்னும் பழைய வரலாற்றாசிரியர் கூற்றாக இதனை அவர் எடுத்துரைத்தனர்.

அற்றேல், அவ்வரசன் கி. மு. ஆறாம் நூற்றாண்டினன் என்பவாகலானும், கோயில் கி. மு. 375-இல் எழுந்ததாகலானும், இல்லாத கோயிலிற் காசு இடுதல் யாங்ஙனம் எனின், கூறுதும். கட்டடம் எழுமுன்னரே காவும் ஆண்டு வழிபாடும் இருந்தன என மேலே காட்டினாம். காணிக்கை இடுதற்குக் கட்டடம் வேண்டற்பாலதன்று. அன்றியும், நெடுங்காலம் வழங்கிய முறையைப் பழைய அரசன் ஒருவன்மேல் ஏற்றிக் கூறுதல் உலகியல்பு. அரசன் பெயர் எவ்வாறாயினும், பிறந்த உயிர் ஒவ்வொன்றும் இத்தெய்வத்தின் திருமுன்னர் எண்ணப்பட்டது என்னும் நினைவு அம்மக்களிடத்து வேரூன்றி நின்றமை தெளிவு. வேந்தன் அவைக்கண் எண்ணப்படுமுன் தெய்வத்தின் முன்னிலையில் எண்ணப்படுதல் ஒரு மகவுக்குச் சிறப்பேயன்றோ?

கோயிலின் விழா மார்ச்சுத் திங்கள் முதல் நாள். பழைய உரோமர்க்கு அதுவே ஆண்டின் முதல் நாளுமாம். கோயில் தெய்வத்திற்கு உரிமையாக்கப்பட்ட நாளும் அதுவே. அன்று இல்லக்கிழத்தியர் மலர் ஏந்திச் சென்று வழிபட்டனர். கணவர் தம் மனைவியர் நலம்பெற வேண்டிப் பரவி, அவர்க்குப் பரிசிலும் நல்கினர். மனைத்தலைவியர் தம் இல்லத்து அடிமைகட்குத் தாமே உணவு படைத்தனர். அடிமைகளை உடைமைப்பொருளாக நடத்திய ஒரு சமுதாயத்தில், ஆண்டில் ஒரு நாளேனும் தலைவி அடிமைக்குப் பரிமாறினாள் என்பது நோக்கத்தக்கது. ஈனும் நோவின்முன் தலைவியும் அடிமையும் ஒரு நிகரினர் என்பதனை அவ்வழக்கம் அவர்களறியாமலே அவர்கட்குக் கற்பித்தது போலும்.

இக்கோயில் வழிபாட்டில் தலையாயது முடிச்சவிழ்த்தல் ஆகும். உடையில் முடிச்சு எதுவும் இருப்பின் அதனை அவிழ்த்த பின்னரே லூகினாவின் திருமுன் செல்லுதல் வேண்டும் என்பது விதி. கருவுற்ற மகளிர் கூந்தலை விரித்தே வேண்டுதல் செய்வர். புறத்தே உள்ள கட்டு அவிழின் அகத்தே உள்ள கட்டும் அவிழும் என்பது கருத்து. இதன் மறுதலையையும் அவர்கள் அஞ்சினர். சூல்கொண்டாள் அருகே விரல்களைக் கோத்துக்கொண்டு அமர்தல் தீவினை எனப் பிளினி எழுதுகின்றார். கோத்த கையை முழந்தாளைச் சுற்றி வைத்தலும், காலின்மேற் காலிட்டு இருத்தலும் அதனினும் தீது. தலைவர் கூடும் அவைக்களத்தும் அவ்வாறு இருத்தலை முன்னோர் விலக்கினர் என்பர்.

இவ்வச்சத்திற்குக் காரணமாக ஒரு கதை வழங்கிற்று. அல்க்மேனா என்பாள் யூபித்தரால் கருவுற்று எர்க்குலிஸ் என்னும் வீரனை ஈனுங்காலத்து, யூனோ பொறாமையால் வெகுண்டாள். அவள் ஏவலால் லூகினா வந்து, வாயிலின் முன்னுள்ள பலிபீடத்தில் காலின்மேற் காலிட்டு, விரல்களைக் கோத்து அமர்ந்தாள். ஏழு பகலும் ஏழிரவும் அல்க்மேனா ஈனமாட்டாது துடித்தாள். கலாந்திஸ் என்னும் பணிப்பெண் இச்சூழ்ச்சியை உணர்ந்து, மகவு பிறந்துவிட்டது எனப் பொய்யுரைத்தாள். லூகினா திடுக்கிட்டு எழுந்து கையை விடுத்தாள், கட்டு அவிழ்ந்தது, மகவும் பிறந்தது. பொய்யுரைத்த பணிப்பெண்ணோ மரநாய் போலும் ஒரு சிற்றுயிராக மாற்றப்பட்டாள். இக்கதை ஓவிட் பாடியது. இதன்கண் யூனோவும் லூகினாவும் வேறுவேறாகக் கூறப்படுதலை அறிஞர் நினைவிற் கொள்க. இக்கதையை மீண்டும் எடுத்தாளுவேம்.

கோயிலுக்கு நேர்ந்த இடையூறுகளும் உள. கி. மு. 190-ஆம் ஆண்டில் அதன்மேல் இடி வீழ்ந்து முகட்டு முகப்பும் கதவுகளும் சிதைந்தன என லீவி என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். அவ்வாண்டில் இதனொடு வேறு சில தீநிமித்தங்களும் நேர்ந்தமையின் நகரத்தார் கழுவாய் செய்தனர். தந்தை தாய் இருவரும் உயிரோடிருக்கப்பெற்ற சிறுவர் பதின்மரும் சிறுமியர் பதின்மரும் அவ்வேள்விக்கு அமர்த்தப்பட்டனர். கி. மு. 41-இல் குவிந்தஸ் பெடியஸ் என்னும் அலுவலர் இக்கோயிலுக்கு மதில் எடுப்பித்தார் என்பதனைக் கல்வெட்டு ஒன்று காட்டுகின்றது. இன்று அம்மதிலும் இல்லை, கோயிலும் இல்லை. எழுத்துப் பொறித்த கல்லே எஞ்சியது.

இனி, இத்தெய்வத்தை விளித்த மகளிரெல்லாம் உய்ந்தனரோ எனின், இல்லை. கி. மு. 54-இல் சீசரின் மகளும் பாம்பியின் மனைவியுமாகிய யூலியா மகப்பேற்றில் இறந்தாள். மகவும் சில நாளில் மாய்ந்தது. இரு பெருந்தலைவரையும் பிணித்து நின்ற கயிறு அவளே. அவள் மறைந்தபின் அவர் நட்புத் தளர்ந்து, கி. மு. 49-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு பெண்ணின் பேறுகால இறப்பு ஒரு பேரரசின் போக்கையே அசைத்தது என்னலாம்.

அதனினும் நெஞ்சை உருக்குவது சிசரோவின் மகள் துல்லியாவின் முடிவு. கி. மு. 45-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவள் ஓர் ஆண்மகவை ஈன்று, அடுத்த திங்களிலேயே உயிர்நீத்தாள். அம்மகவும் நெடிது வாழ்ந்திலது. நாவன்மையால் உரோமாபுரியை ஆண்ட அத்தந்தை மாந்தரை விடுத்துக் காட்டினிடத்தே தனித்திருந்து அழுதார். தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளுதற்கு ஒரு நூல் எழுதினார், அந்நூல் மறைந்துபோயிற்று. மகளுக்குக் கல்லறை அன்று, கோயிலே எடுப்பித்தல் வேண்டும் என நண்பருக்கு முடங்கல்மேல் முடங்கல் எழுதினார், அக்கோயில் எழுந்திலது. அவ்வாண்டிலேயே தெய்வங்களின் இயல்பைப் பற்றி ஒரு நூலும் இயற்றத் தொடங்கினார். அதன்கண், கிரேக்க மகளிர் பேறுகாலத்துத் தியானாவை விளிப்பர், எம்மவர் யூனோ லூகினாவை விளிப்பர் என ஒரு தொடர் வருகின்றது. நூலில் அது வேறொருவர் கூற்றாகப் பெயர்களின் ஆராய்ச்சிக்கிடையே ஓடிச் செல்லும் ஒரு சிறு தொடர். ஆயினும், மகளைப் பேற்றில் இழந்து ஓராண்டும் நிரம்பாத கையே அதனை எழுதிற்று என்பதனை அறிந்து படிப்பார்க்குக் கண்ணீர் வாராது போமோ?

பேறுகால இடர் அரண்மனை வாயிலையும் விடுத்ததன்று. மார்க்கஸ் ஔரேலியஸ் என்னும் பேரரசரின் தேவி பௌஸ்தீனா பன்னிரண்டிற்குக் குறையாத மக்களை ஈன்றாள். அவருட் பெரும்பாலோர் இளமையிலேயே இறந்தனர். அவள் பெயரால் வெளிப்போந்த காசுகளில், யூனோ லூகினாவுக்கு என்னும் எழுத்துடன், கையில் ஒரு மகவும் இருமருங்கும் இரு மக்களுமாக அத்தெய்வம் நிற்கக் காணலாம். அவள் மகள் லூகில்லாவின் காசுகளிலும் அப்பெயர் உண்டு. இவற்றிற்குச் சிறிது முற்பட்ட காலத்தே உரோமாபுரியில் மருத்துவம் புரிந்த சொரானஸ் என்பார், மருத்துவச்சிக்கு வேண்டும் இயல்புகளை வகுத்தார். அவள் எழுத்தறிவுடையளாதல் வேண்டும், அச்சமற்றவளாதல் வேண்டும், கனவும் குறியும் சடங்கும் பற்றிச் செய்யத்தக்க உதவியைச் செய்யாது விடுவாளாதல் கூடாது என்பன அவற்றுட் சில. கோயிலை நம்பிக் கைத்தொழிலைக் கைவிடற்க என்பது இதன் சாரம். இது நாத்திகம் அன்று, நல்லறிவேயாம். இறைவன் தந்த அறிவையும் கையையும் பயன்படுத்தாது இறைவனைப் பழித்தல் பிழையன்றோ?

கி. பி. 391, 392-ஆம் ஆண்டுகளில் தியோதோசியஸ் என்னும் பேரரசர் பழைய கோயில் வழிபாடுகளை விலக்கிக் கட்டளையிட்டார். லூகினாவின் விழாவும் அவ்வாறே மறைந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அக்கிஸ்பியஸ் மேட்டிலேயே கன்னிமரியின் பெருங்கோயில் எழுந்தது. இன்றும் அது வழிபாட்டில் உள்ளது. ஒன்றன் கட்டடம் மற்றொன்றாயிற்று என யாம் கூறுகின்றிலேம். ஆயினும், தெய்வப்பெயர் மாறியபின்னும் தாய்மையை நோக்கித் தொழும் வேட்கை அக்குன்றினின்றும் இறங்கிற்றில்லை என்பது கண்கூடு.

இனி, தொடக்கத்தே குறித்த வினாவிற்கு விடை கூறுவாம். யாம் திருமடத்திற் பயின்ற இளம்பருவத்தே, சிவபெருமான் திருப்பெயரை ஒருநாளும் கேட்டறியாத நாட்டினர் செய்யும் வழிபாடு யாண்டுச் சென்று சேரும் என ஆசிரியரை வினவினேம். அவர் சிவஞானசித்தியார் சுபக்கத்தை எடுத்து அதற்கு விடை காட்டினார். ஒருவர் எத்தெய்வத்தைப் பற்றி நின்று வழிபடினும், அவ்வுருவாய் வந்து அவ்வழிபாட்டை ஏற்பவன் அம்மையை ஒருபாகத்துடைய முதல்வனே என அருணந்தி சிவாசாரியர் அருளினார். அதனை அடுத்து, பிற தெய்வங்கள் துன்புறுதல், சாதல், பிறத்தல், வினைசெய்தல் என்பவற்றிற்கு உட்பட்டன ஆகலின், அவையில்லாத முதல்வனே அறிந்து பயன் அளிப்பன் எனக் காரணமும் காட்டினார். இவ்விரண்டனுள் முன்னதை மட்டும் கொண்டு எல்லாத் தெய்வமும் ஒன்றே என்பாரும், பின்னதை மட்டும் கொண்டு பிறர் வழிபாட்டை இகழ்வாரும் உளர். இரண்டனையும் ஒருங்கு கொள்ளுதலே சித்தாந்தம் என்றார் எம் ஆசிரியர்.

இவ்வளவைகொண்டு லூகினாவின் வரலாற்றை நோக்குவாம். அவள் கட்டவிழ்ப்பவள் என உரோமர் தொழுதனர். ஆனால், அல்க்மேனாவின் கதையில் அவளே பிறர் ஏவலாற் கட்டுண்டு, பொய்யுரையால் ஏமாறி, தன் கையையே பிறர்க்குக் கட்டாக்கினாள். தானே கட்டில் உள்ளாள் பிறர் கட்டை அவிழ்த்தல் யாங்ஙனம்? எனவே, கதையில் வரும் அத்தெய்வம் முழுமுதல் ஆகாமை வெள்ளிடைமலை. அற்றேல், அவளை விளித்த மகளிரின் அழுகுரல் வீண்போயிற்றோ எனின், அற்றன்று. விளித்த பெயர் எதுவாயினும், கேட்டவள் உலகீன்ற அம்மையே. குழந்தை பெயரறிந்தோ தாயை அழைக்கின்றது? அழுதல் ஒன்றே அதற்குத் தெரியும்; தாய்க்கு அதுவே சாலும்.

அங்ஙனமாயின், யூலியாவும் துல்லியாவும் இறந்தது ஏன் என்று வினவுவார்க்கு யாம் கூறுவது இது. உடம்பின் வாழ்நாள் நுகர்வினையின் அளவிற்று. அருளோ உடம்பொடு முடிவதன்று. இருந்தாரை அருள் பெற்றார் எனவும், இறந்தாரை அன்பிலார் எனவும் பிரித்துக் கூறுதல் அறிவின்மையும் கொடுமையுமாம். பேற்றில் மகளை இழந்த இல்லத்திற்குச் சென்று வினைப்பயன் எனக் கூறி எழுந்து வருவாரை நம்மிடையேயும் காண்கின்றோம். வினைக்கொள்கை நம்மைத் தேற்றிக்கொள்ளுதற்கு உரியது; பிறர் புண்ணிற் கோலிடுதற்கு உரியதன்று. அவ்விடத்துச் சைவர்க்குரிய கடமை உடனிருந்து அழுதலும், எஞ்சிய மகவைப் பேணுதலும், இனி அவ்வாறு நேராமைக்கு வேண்டும் மருத்துவ உதவியைத் தேடுதலுமேயாம்.

உரோமர் பிறப்பை ஒளி என்றனர். நாம் பிறவியை அறுத்தலே வீடு என்கின்றோம். இவை முரண் அல்லவோ எனின், அல்ல. மலவிருளில் அறிவு விளங்காது கிடந்த உயிருக்கு உடம்பும் கருவியும் தந்து, வினையை நுகர்ந்து பக்குவம் எய்துமாறு உலகில் விடுத்தல் திரோதான சத்தியின் செயல். அச்செயல் மறைப்பே ஆயினும் அருளின் வேறன்று. எனவே, கருவறையினின்றும் வெளிப்போதரும் ஒளி முதல் ஒளி. மலக்கட்டு அவிழ்ந்த உயிர் திருவடியிற் காணும் ஒளி முடிந்த ஒளி. உரோமமகள் தன் உடையின் முடிச்சை அவிழ்த்து நின்று முதல் ஒளியை வேண்டினாள். அவ்வளவே அவள் அறிந்தது. அறிந்ததை மெய்யன்போடு செய்தாள். முடிந்த ஒளியையும் அதனை அளிப்பானையும் அறிந்திருந்தும், நெஞ்சின் முடிச்சு ஒன்றனையும் அவிழாது திருமுன் சென்று மீள்கின்றோமே, நம் நிலை யாது? லூகினாவின் கோயில் அழிந்தது. அவ்வினா அழியாது நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்